சுண்டுவிரல்

கம்பிகள் துருவேறிவிட்டன என்று, தன் கச்சேரிக் குழுவின் பேஸ் கிட்டார்காரன் செல்வினைக் கலியமூர்த்தி அண்ணனே இசைக்கருவிக் கடைக்கு அழைத்து வந்திருந்தார். புதுக் கம்பியும், கம்பியின் அதிர்வை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப்பும் அவர் செலவு. வீணையைப் போல உள்ளே குடைந்த அந்தப் பழைய கிட்டார், ஸ்பீக்கர் பக்கம் போனாலே ஊளையிடும். ஒரு கல்யாண வரவேற்பில் அது அப்படி ஊளையிட்டதில், மணப்பெண்ணே காதைப் பொத்திக்கொண்டாள். அன்றிலிருந்து மேடையேறியதும் செல்வினின் சுண்டுவிரல் கிட்டாரின் வால்யூம் குமிழை மூடிவிடும். கீபோர்டுக்காரனின் இடது கை பேஸையும் சேர்த்து வாசிக்க, இவன் சும்மா விரலை ஆட்டிக்கொண்டிருப்பான். அண்ணனுக்கு இது தெரியாது.

"கும்முன்னு வேணுமா சார், கணீர்னு வேணுமா?" என்று கடைக்காரர் செல்வினைக் கேட்டார்.

அண்ணன் முந்திக்கொண்டார். "இப்ப இருக்கிற சத்தம் துளி மாறக்கூடாதுங்க. போன வாரம் என்னமா உறுமுச்சு! தம்பி, நீயே வாசிச்சுக் காட்டு."

கடைக்காரர் ஒயரைச் செருகினார். கிட்டாரை மடியில் வைத்ததுமே, பழக்க தோஷத்தில் சுண்டுவிரல் குமிழை மூடிவிட்டது. மரத்தின் மெல்லிய முனகல் மட்டும் கடைக்குள் கேட்டது. தாளம் போட எடுத்த அண்ணனின் கை அப்படியே நின்றது.

"மேடையிலயும் இப்படித்தானா?"

செல்வின் தலை நிமிராமல் வாசித்துக்கொண்டே இருந்தான். நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.