முருகன்குறிச்சி ரெண்டு

உதடுகள் ஒட்டிக்கொண்டன. அவன் கண்ணை இறுக மூடினான்.

கண்டக்டர் டிக்கெட் கட்டோடு எதிரே நின்றார்.

"எங்கடே போணும்?"

"மு..."

அவ்வளவுதான் வந்தது.

பஸ் ஜங்ஷனை விட்டுக் கிளம்பி ஆற்றுப் பாலத்தில் ஏறியிருந்தது. அந்தக் காலத்து டவுன் பஸ். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, சுருட்டிக் கட்டிய தார்ப்பாய்தான். ஆற்றுக்காற்று நேராக முகத்தில் அடிக்கும். எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது. தம்பி என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஒரே ஒரு சொல். நான் சொன்னால் முடிந்தது.

சின்ன வயதிலிருந்தே என் தம்பிக்கு நான்தான் வாய். பலசரக்குக் கடையில், பள்ளிக்கூடத்தில், தபாலாபீஸில், எங்கேயும். அவன் திக்க ஆரம்பிக்கும் முன்பே நான் சொல்லி முடித்திருப்பேன். "ஒன் தம்பி ஊமையா?" என்று கேட்டவளோடு தெருவில் நின்று சண்டை போட்டிருக்கிறேன். அந்தச் சண்டையிலும் அவன் பங்குக்கு நானே பேசினேன்.

வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பம்பாயில் வேலை. நான் போன பிறகு இவனுக்கு யார் பேசுவார்கள்? பத்து நாளாக அதே கவலை.

ஜங்ஷனில் நிற்கும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டான். "இன்னைக்கு டிக்கெட்டு நான் எடுக்கேன்க்கா. நீ வாயத் தொறக்காத." அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டோம்.

அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை!

"மு... மு..."

முன்னால் நின்ற பெரியவர் திரும்பினார். "முன்னீர்பள்ளமா? இந்த வண்டி அங்க போவாதே தம்பி."

இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அவர்களைக் கண்ணாலேயே எரித்தேன்.

கண்டக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "முருகன்குறிச்சிதானே? தலைய மட்டும் ஆட்டு, கிழிச்சித் தாரேன்."

தங்கமான மனுசர். ஆட்டுடா, ஆட்டித் தொலைடா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

ஆட்டினான்.

இல்லை என்று ஆட்டினான்.

பைத்தியக்காரா! சரியாகச் சொன்னவரிடம் இல்லை என்றால் வேறு எங்கே போய் இறங்குவதாம்?

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டு பின்பக்கம் போனார். வண்ணார்பேட்டை வந்து, போயிற்று. தம்பியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. வாய் மட்டும் ஓயவில்லை. திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. அந்தச் சொல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. உதட்டைக் கடித்து உள்ளே தள்ளினேன்.

முருகன்குறிச்சி வந்தது.

இறங்கலாம் என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் அசையவில்லை. ஏறுகிறவர்கள் ஏறினார்கள். விசில் கேட்டது. எங்கள் தெருமுனை ஜன்னலில் வந்து, பின்னால் போனது.

கண்டக்டர் திரும்பி வந்தார்.

"முருகன்குறிச்சி. ரெண்டு."

அவன்தான். முழுசாக. பஸ் முழுக்கக் கேட்டது.

"ஏ, அது தாண்டியாச்சேடே!"

பஸ்ஸே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் அவன்தான். அவன் அப்படி வாய்விட்டுச் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்தோம். உச்சி வெயில். கல்யாணத்துக்கு வாங்கிய செருப்பு காலைக் கடித்தது. எத்தனையோ வருஷம் கழித்து, தாதர் ஸ்டேஷன் நெரிசலில் நிற்கும்போதுகூட அந்த வெயில் ஞாபகத்துக்கு வரும். எவ்வளவு நல்ல வெயில்!

அவன் முன்னால் போனான். கடை போர்டுகளை ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்தபடியே போனான். திக்கத்தான் செய்தான். ஒரு போர்டுக்காக ஜவுளிக்கடை வாசலில் வெகுநேரம் நின்றான். ஒன்றைக்கூட விடவில்லை.

நான் பின்தங்கினேன். பாழாய்ப்போன அழுகை. சந்தோஷம்தான். கூடவே, இனி இவனுக்கு நான் வேண்டாம் என்கிற வயிற்றெரிச்சலும்.

திரும்பிப் பார்த்தான்.

"எதுக்குக்கா அழுவுத?"

சொல்லத்தான் வாயெடுத்தேன். "நீ..." என்று மட்டும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

அவன் எடுத்துக்கொடுக்கவில்லை.

அந்த வெயிலில், அப்படியே நின்று, காத்திருந்தான்.