ஒரேயொரு ‘ங்க’

சம்பளம் பேசி முடித்தாயிற்று. தனி அறை, மூன்று வேளைச் சாப்பாடு, ஊருக்குப் போய்வர ரயில் டிக்கெட் என்று ஜெசிந்தா கேட்ட எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரி மேனேஜர் தணிகாசலம் தலையாட்டிவிட்டார். வேறு வழியில்லை. அவருடைய நர்ஸ்கள் கூண்டோடு வேலையை விட்டுப் போயிருந்தார்கள். ஐசியூவுக்கு ஏஜென்சி அனுப்பிய ஒரே ஆள் இவள்தான். ஊர் ஊராகப் போகும் இந்த கான்ட்ராக்ட் வேலை ஜெசிந்தாவுக்குப் புதிது. இந்த ஆஸ்பத்திரி புதிதல்ல. மூன்று வருடங்களுக்கு முன்னால், நோயாளிகள் பார்க்க, “வெளிய போடி!” என்று அவளை இங்கிருந்து துரத்தியவர் இதே தணிகாசலம்.

“இன்னும் ஒண்ணு பாக்கி சார். நான் டியூட்டிக்கு வர்றப்பல்லாம் நீங்க ஐசியூ வாசல்ல நின்னு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி ‘வாங்க சிஸ்டர்’னு கூப்பிடணும்.”

“என்ன, விளையாடறியா?”

“விளையாடறீங்களா.”

அவர் முகம் கறுத்தது. “சரி, அதையும் சேத்து எழுதிக்கோ.”

“எழுதிக்கோங்க.”

“…ங்க,” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

கையெழுத்தானதும் இருவரும் ஐசியூவுக்கு நடந்தார்கள். தணிகாசலம் கதவைத் திறந்து பிடித்தார். ஆயாக்களும் நோயாளிகளின் உறவினர்களும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு வென்டிலேட்டர் அலாரம் அலறத் தொடங்கியது.

“வாங்க சிஸ்டர்,” என்று முனகினார்.

ஜெசிந்தா வாசலைத் தாண்டவில்லை. கையுறையை ஒவ்வொரு விரலாக நிதானமாக மாட்டினாள்.

“கேக்கல சார்.”