கதவில் இருக்கும் பலகை

"பதவியைச் செருப்பு மாதிரி வாசல்லயே கழட்டிவிட்டுப் போற ஒரே மனுஷன் இந்த உலகத்துல நான்தான், மச்சான்" என்கிறார் இரும்புக்கடை முதலாளி. நேற்று வரை நகராட்சித் தலைவர், இன்று தேர்தலில் தோற்றவர். தலைவர் அறையில் மேசையைக் காலி செய்யும் மைத்துனன் தலையாட்டுகிறான். "முன்னாடி இருந்தவர் தோத்ததும் பெயர்ப்பலகையைச் சட்டைக்குள்ள ஒளிச்சுக் கொண்டுபோனாரே, அத்தான்." "அஞ்சு வருஷமா சிரிச்சும் எனக்கு இன்னும் அலுக்கல." வெயில் காலி நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பத்து மணிக்குப் புதியவர் வந்துவிடுவார். மைத்துனன் பெட்டியோடு கீழே இறங்கியதும் முதலாளி கதவருகே போய், பலகையில் தன் பெயரை ஒருமுறை படித்துவிட்டு, கடைச் சாவிக்கொத்தில் தொங்கும் குட்டித் திருப்புளியை எடுக்கிறார். மூன்று திருகுகள் கழன்றுவிடுகின்றன. நான்காவது அசையவில்லை, அவர் கடைச் சரக்கு, நல்ல தரம். படியில் காலடிச் சத்தம் கேட்கிறது. மூச்சைப் பிடித்துத் திருகுகிறார். சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டும் ஏற்கெனவே அவிழ்ந்திருக்கின்றன.