கதவு திறக்காத டாக்சி

டாக்சியின் கதவு திறக்கவில்லை.

நகராண்மை ஆட்கள் இருவர் மாறி மாறி இழுத்துப் பார்த்தார்கள். ஒருவன் காலை ஊன்றி இழுத்தான். கை வழுக்கி மல்லாந்து விழுந்தான். காஜா பேராங் சாலையோரம் வேடிக்கை பார்த்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

பாக்கியலட்சுமி சிரிக்கவில்லை. வாளியும் ஈரத்துணியுமாக முன்சக்கரத்தை ஒட்டி நின்றாள். கதவு திறக்கவே கூடாது என்று மாரியம்மனிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். மற்ற கதவுகளை நேற்றே உள்பக்கமாகப் பூட்டிவிட்டாள்.

ஓட்டுநர் பக்கத்துக் கதவுக்குப் பூட்டெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆனால் அதற்கு ஒரு வித்தை உண்டு. கைப்பிடியை மேலே தூக்கி, கதவின் அடியில் முழங்காலால் ஓர் இடி இடிக்க வேண்டும். உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் அது தெரியும். ஒன்று, அவள். இன்னொன்று, கெட்டுப்போன டாக்சிக்குச் சாமான் வாங்கி வருகிறேன் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூருக்கு பஸ் ஏறிய அவள் புருஷன்.

அது என்ன அப்படி அரிய சாமானோ, இன்னும் கிடைத்தபாடில்லை.

அவர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவளே சொல்ல மாட்டாள். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள். யாராவது கேட்டால் பக்கத்து வீட்டு அஞ்சலையைத் திரும்பிப் பார்ப்பாள். அஞ்சலைதான் சொல்வாள்.

கேட்பாரில்லாத வண்டியைக் கண்டுபிடிக்க நகராண்மைக்கு ஒரு வழி இருந்தது. இன்ஸ்பெக்டர் மாணிக்கவாசகம் சைக்கிளில் வருவார். சந்தேகப்பட்ட வண்டியின் சக்கரத்திலிருந்து சாலைவரைக்கும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுப்பார். அடுத்த முறை வரும்போது கோடு கலையாமல் இருந்தால் வண்டி அசையவில்லை என்று அர்த்தம். லாரி வந்து இழுத்துப் போய்விடும்.

இந்தக் கோட்டு விவகாரத்தையும் அஞ்சலைதான் மோப்பம் பிடித்து வந்து சொன்னாள். அன்றிலிருந்து பாக்கியலட்சுமி விடிந்ததும் சக்கரத்தைத் தேய்த்துக் கழுவினாள். சாலையையும் கழுவினாள். மாணிக்கவாசகத்துக்கு இது தெரியாமலில்லை. சக்கரத்தையும் பார்ப்பார், அவள் முகத்தையும் பார்ப்பார், புதிதாக ஒரு கோட்டை இழுத்துவிட்டுப் போய்விடுவார்.

காப்பிக்கடையில் உட்கார்ந்து, சாமான் சிங்கப்பூரிலிருந்து நடந்து வருகிறதா, நீந்தி வருகிறதா என்று கேட்டுச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். வண்டி கேட்பாரற்றது என்று ஆகிவிட்டால், அதை அன்றாடம் கழுவுகிறவள் என்ன ஆவாள்? அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் அவள் தேய்த்தாள்.

இப்போது மெர்டேக்கா, சுதந்திர தினம், வருகிறது. ஊர்வலம் இந்த வழியாகத்தான் போகுமாம். கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் செத்த வண்டியெல்லாம் சாலையோரத்தைவிட்டுப் போயாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. குருபோங்கிலிருந்து பழைய இரும்புக் கடை லாரி வந்து சங்கிலியும் மாட்டியாயிற்று. இனி ஒருவர் டாக்சிக்குள் உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்தால் போதும், இழுத்துவிடலாம்.

"தீபாவளிக்குள்ள வந்துருவாருங்கய்யா" என்றாள்.

மாணிக்கவாசகம் டாக்சியின் ஜன்னலைத் தட்டிப் பார்த்தார். கண்ணாடியை உடைக்கச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்போது லாரியிலிருந்து இரும்புக் கடை ஆள் ஒருவன் இறங்கினான். நெட்டையாக இருந்தான். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தான், முகமெல்லாம் தாடி. இவ்வளவு நேரம் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தவன், முதலாளி லாரியிலிருந்து கத்திய பிறகுதான் இறங்கினான். யாரையும் பார்க்காமல் நேராக டாக்சியிடம் வந்தான்.

கைப்பிடியை மேலே தூக்கினான். முழங்காலால் ஓர் இடி இடித்தான்.

கதவு திறந்துகொண்டது.

யாரோ கைதட்டினார்கள். அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

அந்த சீட்டில் யார் உட்கார்ந்தாலும் முதலில் முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு பின்னால் தள்ளிப் போட்டிருந்தது. இவன் இழுக்கவில்லை. அப்படியே உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்தான். கால் சரியாக எட்டியது.

பாக்கியலட்சுமி அந்தக் கதவருகே போனாள். வாளியைக் கீழே வைத்தாள்.

மாணிக்கவாசகம் வண்டிக்காரரைப் பார்த்ததே இல்லை. அவருக்கு அந்த அம்மாள்மேல் இரக்கம்தான். கூட்டம் ஏன் சட்டென்று வாயடைத்துப் போனது என்பது அவருக்கு விளங்கவில்லை.

"அம்மா, கடைசியா கேக்கிறேன். வண்டிக்காரர் வந்து நின்னு, 'இது என் வண்டி'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். இப்பவே சங்கிலியக் கழட்டிடறேன். இருந்தா பேரச் சொல்லிக் கூப்பிடுங்க."

அவள் பழக்கத்தில் அஞ்சலையைத் திரும்பிப் பார்த்தாள். அஞ்சலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து சொல்லாத பெயரை, டாக்சியின் திறந்த கதவுக்குள் குனிந்து, பாக்கியலட்சுமி சொன்னாள்.

"சேதுராமன்."

சத்தமாகத்தான் சொன்னாள். எதிர்ச் சாரியில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

உள்ளே இருந்தவன் திரும்பவில்லை. லாரியின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு, அந்நியப் பெண்களிடம் பேசும் மரியாதையோடு சொன்னான்.

"அக்கா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க. சங்கிலி அறுந்தா அடிபட்டுரும்."

மாணிக்கவாசகம் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் வரவில்லை. விசிலை எடுத்து ஊதினார்.

அக்கா வாளியை எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.