யார் வீட்டு ரத்தம்?

"வெளியே உறைஞ்சா உயிரைக் காப்பாத்தும். உள்ளே உறைஞ்சா உயிரை எடுக்கும். அது என்ன? சொல்லுங்க பார்க்கலாம்!"

டாக்டர் மமதா விடுகதை போட்டதும், ஆண்டர்சன்பேட்டைப் பள்ளிக்கூட ஹாலில் ஆராய்ச்சிக்காக ரத்தம் கொடுக்க வந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரத்தம்!" என்றாள் பத்து வயது தாரா.

"சபாஷ்!"

"எல்லார் ரத்தமும் இல்லைங்க டாக்டர்," என்றான் அவளுடைய அப்பா தம்மபாலன், நாலு பேருக்குக் கேட்கும்படி. "சில பேரு வீட்டு ரத்தம்தான் உள்ளேயே உறையும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி ராணி, புடவையை இழுத்து இடது காலை மூடிக்கொண்டாள்.

மூன்று மாதத்துக்கு முன்பு அந்தக் காலில்தான் ரத்தம் கட்டியாக உறைந்தது. அதில் ஒரு துண்டு நுரையீரல் வரைக்கும் போய்விட்டது. பத்து நாள் ஆஸ்பத்திரி. பிழைத்ததே பெரிது.

அன்றிலிருந்து தம்மபாலன் சொல்வது ஒன்றுதான். மாமனாருக்கும் கால் வீங்கும். அதனால் இது அவர்கள் வீட்டு ரத்தம். சாப்பிட வந்த மச்சான் சித்தார்த்திடமும் அதையே சொன்னான். பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டுப் போன மச்சான் பிறகு வரவே இல்லை.

ராணி எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டான் தம்மபாலன்.

அவர்கள் முறை வந்தது.

"ரத்தத்துல இருக்கிற மரபணு எல்லாமே ஒரே மாதிரி வேலை செய்யாது," என்றார் மமதா. "சிலது சுறுசுறுப்பா இருக்கும், சிலது தூங்கும். ரத்தக் கட்டி வந்தவங்களுக்கு எது எப்படி இருக்கு, வராதவங்களுக்கு எப்படி இருக்குன்னு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். யாருக்கு ஆபத்துன்னு முன்னாடியே சொல்ல முடியுமான்னுதான் இந்த ஆராய்ச்சி. அதனால உங்க ரெண்டு பேர் ரத்தமும் வேணும்."

"இவளுக்கும் பார்த்துடுங்க டாக்டர்." தம்மபாலன் தாராவை முன்னால் தள்ளினான். "அம்மா வீட்டு ரத்தம் இவளுக்கும் வந்திருக்கான்னு தெரிஞ்சிக்கணும்."

தாரா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"குழந்தைங்ககிட்ட நாங்க எடுக்கிறதில்லை. ஆஸ்பத்திரி ஃபைல் கொண்டு வந்தீங்களா?"

"வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன் டாக்டர்," என்றாள் ராணி அவசரமாக.

"இன்னா ராணி! நான்தான் எடுத்து வந்தேனே." தம்மபாலன் பையிலிருந்து ஃபைலை எடுத்து மேஜைமேல் வைத்தான். "எல்லாம் இங்கிலீஷ். பரம்பரை வியாதின்னு அதுலயே எழுதியிருப்பாங்க, பாருங்க."

மமதா புரட்டிப் பார்த்தார்.

"இல்லையே. பரம்பரையா வருதான்னு எல்லா டெஸ்டும் எடுத்திருக்காங்க. ஒண்ணுமே இல்லை."

"அப்புறம் எதனால?"

"தினமும் பெங்களூருக்கு ரயில்ல போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம், எழுந்திருக்காம உட்கார்றாங்க. நடுவுல எட்டு மணி நேரம் தையல் மெஷின். பாத்ரூம் போகணுமேன்னு தண்ணியும் குடிக்கிறதில்லை. அப்படித்தான் எழுதியிருக்கு." மமதா நிமிர்ந்தார். "ஏம்மா, நடுவுல எழுந்து நாலு அடி நடந்தா என்ன?"

ராணி கணவனை ஒரு தரம் பார்த்தாள்.

"எழுந்தா சீட்டு போயிடும் டாக்டர்."

"நீங்க எப்படிப் போறீங்க?" என்று தம்மபாலனைக் கேட்டார் மமதா. "அதே ரயில்தானே?"

"நான்... நின்னுக்கினே போவேன்."

அந்தச் சீட்டைப் பிடிப்பவனே அவன்தான். மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ரயில் நிற்பதற்குள் தொற்றி ஏறுவான். ஜன்னல் ஓரத்தில் பையை வீசுவான். "பத்து வருஷத்துல என் வீட்டுக்காரியை ஒரு நாள் நிக்க விட்டதில்லை" என்று பெட்டி முழுக்கப் பெருமை பேசுவான்.

ஒரு நாள் ராணி பாத்ரூமுக்கு எழுந்து போனாள். பங்காருப்பேட்டையில் ஏறிய ஆள் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டான். கைகலப்பு வரை போயிற்று. "நான் உயிரைக் குடுத்து எடம் புடிப்பேன், நீ தண்ணியைக் குடிச்சிட்டு எழுந்து எழுந்து போவியா?" என்று எல்லோர் முன்னாலும் அவளைப் பார்த்துத்தான் கத்தினான்.

அதற்குப் பிறகுதான் அவள் தண்ணீர் பாட்டில் எடுத்து வருவதை நிறுத்தினாள்.

"இதை வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்லச் சொல்லி உங்ககிட்ட சொன்னதா எழுதியிருக்காங்களே," என்றார் மமதா. "சொல்லலையாம்மா?"

"மறந்துட்டேன் டாக்டர்."

மூன்று மாதமாக மறந்திருக்கிறாள். கூடப்பிறந்தவன் கை கழுவிவிட்டுப் போனபோதும் மறந்திருக்கிறாள்.

தம்மபாலனுக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை. சற்று முன் சிரித்த இரண்டு பேரும் இப்போது சிரிக்கவில்லை. தம்மபாலன் மகளின் முன்னால் குந்தி உட்கார்ந்தான். ஆஸ்பத்திரியில் பத்து நாளும் அம்மாவின் கட்டிலை விட்டு நகராதவள் அவள். வீடு வந்த பிறகு மணிக்கொரு தரம் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்து இழுத்து நடக்க வைப்பதும் அவள்தான். விளையாட்டு என்று நினைத்திருந்தான்.

"தாரா, ஆஸ்பத்திரி டாக்டர் அம்மாகிட்ட இதைச் சொன்னப்போ நீ அங்கதானே இருந்தே? அப்பாவாலதான் அம்மாவுக்கு இப்படி ஆச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

தாரா அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"தெரியாதுப்பா" என்றாள்.