செராமிக்தான் போடுவேன்

கிட்டார்காரன் காலையிலேயே வந்து பெடலை என் மேசையில் வைத்துவிட்டுக் கத்தினான்.

கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி அது. நான் செய்து கொடுத்தது. மேடையில் யார் நடந்தாலும் அந்த நடை ஸ்பீக்கரில் கேட்கிறதாம். உள்ளே இருக்கிற செராமிக் கெபாசிட்டரை எடுத்துவிட்டு ஃபிலிம் கெபாசிட்டர் போடு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

"பெட்டி வாசிக்கணும்ணே, ஒட்டுக் கேக்கக் கூடாது."

நியாயம்தான். பொட்டு அளவுதான் இருக்கும் அந்த செராமிக். பக்கத்தில் எதைத் தட்டினாலும் வாங்கிப் போட்டுக்கொடுத்துவிடும். ஃபிலிம் வாயே திறக்காது. தொழிலுக்கு நேற்று வந்தவனுக்கும் தெரிந்த விஷயம், எனக்குத் தெரியாதா?

தெரிந்தேதான் போட்டேன். அதில்தான் டோன் இருக்கிறது என்று வந்தவனிடமெல்லாம் கதை விட்டேன். நம்பாதவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். நம்பியவர்களும் மெல்ல மெல்லப் போனார்கள். மிச்சம் இவன் ஒருவன்தான். இவனும் போய்விட்டால் என் வாசலில் காலிங் பெல் அடிக்க நாதி கிடையாது.

வீம்பை விட்டேன். செராமிக்கைக் கழற்றி ஃபிலிமைச் சாலிடர் செய்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேசையைத் தட்டிப் பார்த்தேன்.

ஒன்றுமே கேட்கவில்லை. அத்தனை சுத்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூடியைத் திருகி, பெடலை அவன் வந்து எடுத்துக்கொள்ள வாகாகக் கதவோரம் வைத்தேன்.

ஹெட்போனை மாட்டிவிட்டால் நான் செவிடு. என் மனைவி அடுப்படியிலிருந்து எத்தனை முறை கூப்பிட்டாலும் காதில் விழாது. ஒருநாள் பொறுமை போய், வந்து மேசை ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள். சோதித்துக்கொண்டிருந்த பெடலின் செராமிக் வழியாக அது நேராக என் காதுக்குள் வந்தது. திரும்பிப் பார்த்தேன். சிரித்தாள். அதற்கப்புறம் அவள் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள், தட்டுவாள். சாப்பாடு ஆறுகிறது என்று அர்த்தம்.

அன்றிலிருந்து நான் செய்த எல்லாப் பெடலிலும் செராமிக்தான்.

அலமாரியிலிருந்து என் பழைய பெடலை எடுத்து, ஹெட்போனை அதில் செருகினேன். மேசை ஓரத்தில், அவள் தட்டிக்கொண்டிருந்த இடத்தில், நானே இரண்டு தட்டுத் தட்டினேன்.

டொக், டொக்.

"இதோ வந்துட்டேன்" என்றேன்.

எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.