சாம்பிள்

கீர்த்திகா மேடம் வரப்போரம் ஸ்கூட்டரை நிறுத்தியபோது பாத்தியில் ஒரே ஒரு உளுந்துச் செடி நின்றது.

முளைத்தது நூற்றிருபது. நானே எண்ணினேன்.

மேடம் வேளாண்மை ஆபீஸர். அவர் தந்த பாக்டீரியா பாக்கெட்டை ஆறிய கஞ்சியில் கலந்து, விதையில் பிசறி, நிழலில் உலர்த்தி விதைத்தவள் நான். பக்கத்துப் பாத்தியில் வெறும் விதை. இரண்டையும் அறுத்து எடை போடுவோம், பாக்டீரியா பாத்தி ஜெயித்தால் ரோட்டோரம் உங்கள் பேரில் போர்டு வைப்போம் என்று சொல்லியிருந்தார்.

என் பேரில்! நிலம் என் அப்பா எனக்கு எழுதிவைத்தது. ஆனால் அச்சங்குளத்தில் நான் வெறும் 'ஃபோர்மேன் வீட்டம்மா'. அந்தப் போர்டுக்காக இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேர்ந்துகூட இருந்தேன்.

தீபாவளி முடிந்தது. பட்டாசுக் கம்பெனிக்கு லீவு விட்டார்கள். என் வீட்டுக்காரர், அந்த ஃபோர்மேன், வீட்டுக்கு வந்துவிட்டார்.

இருபது வருஷமாக அங்கே அவருக்கு வேலை, பெட்டிக்கு ஒரு வெடியை எடுத்துக் கொளுத்திப் பார்ப்பது. கொளுத்திப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். பாக்டீரியா வேலை செய்தால் வேரில் முடிச்சு முடிச்சாக வரும், நசுக்கினால் உள்ளே சிவப்பாக இருக்கும் என்று நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லித் தொலைத்தேன்.

காலையில் ஒரு செடியைப் பிடுங்குவார். முடிச்சை நசுக்குவார். "பாஸ்!" என்று கத்துவார்.

பிறகு டீக்கடையில் கண்டவர்களையெல்லாம் கூட்டிவந்தார். ஆளுக்கு ஒரு செடி பிடுங்கிக் காட்டினார். பக்கத்து வீட்டுக் காதுகுத்துக்கு வந்த சொந்தபந்தம் மட்டும் நாற்பது பேர்.

வெறும் விதை போட்ட பாத்தியை அவர் தொடவே இல்லை. அதில் சோதிக்க என்ன இருக்கிறதாம்.

கடைசிச் செடியைச் சுற்றி நான் கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தேன்.

"மத்த செடியெல்லாம் எங்கம்மா?" என்றார் மேடம்.

நான் வாயைத் திறப்பதற்குள் இந்த மனுஷர் முள்ளை ஒதுக்கி அதையும் பிடுங்கிவிட்டார். "வேரைப் பாருங்க மேடம், எம்புட்டு முடிச்சு! நூத்தியிருபதுல ஒன்னுகூட ஃபெயில் இல்ல."

மேடம் நோட்டை மூடினார். என் போர்டு அதோடு போயிற்று.

அப்போது வேலியோரம் கட்டியிருந்த என் வெள்ளாடு கத்தியது. மேடம் திரும்பினார். அப்படியே நின்று பார்த்தார்.

"இதென்ன இப்படிக் கொழுத்திருக்கு? என்ன தீனி போடுறீங்க?"

பிடுங்கிப் போட்டதையெல்லாம் வீணாக்க மனசு வராமல் தினமும் பொறுக்கியவள் நான்தானே. ஃபோர்மேன் கையிலிருந்த கடைசிச் செடியை வாங்கி ஆட்டின் வாயில் வைத்தேன்.

மேடம் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு நோட்டை மறுபடி திறந்து, போர்டில் எழுதப் பேர் என்ன என்று கேட்டார்.

"ஃபோர்மேன் வீட்டம்மான்னு..." என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

முடிக்க விடவில்லை. இனிஷியலோடு சொன்னேன்: சோ. பாண்டிமீனா.